நாரைகள் ஆடிய தரை

ஓட்டுப் போட்ட மூன்றாம் நாள் சிட்னியில் இறங்கினேன். இடது ஆள்காட்டி விரலில் மை அப்படியே இருந்தது. பாஸ்போர்ட் பார்த்த அம்மாள் அந்த விரலையே பார்ப்பதுபோல் எனக்குப் பட்டது. ஏதோ தொற்று வியாதி என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று கையைப் பாக்கெட்டுக்குள் விட்டேன். ஏன் கையை மறைக்கிறான் என்று அடுத்த மேசைக்காரர் நினைப்பாரே என்று மறுபடி வெளியே எடுத்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் அந்தக் குளிரிலும் வேர்த்துப்போய் நின்றேன்.

சாப்பாட்டுச் சாமான் கொண்டு வந்திருக்கிறாயா என்று கேட்கும் அட்டையில் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று குறிக்கச் சொல்லியிருந்தேன். குறித்துக் கொடுத்தது பக்கத்து சீட்டில் வந்த பெண். எனக்கு ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. இங்கிலீஷில் என் பெயரை எழுதுவேன், அவ்வளவுதான். பெட்டியைப் பிரித்து முறுக்கு, எள்ளுருண்டை, நார்த்தங்காய் ஊறுகாய் எல்லாவற்றையும் முகர்ந்து பார்த்துத் திருப்பித் தந்தார்கள். செய்தித்தாளில் சுற்றியிருந்த கறிவேப்பிலையை மட்டும் இரண்டு விரலால் தூக்கித் தொட்டியில் போட்டார்கள். எங்கள் வீட்டுக் கொல்லையில் பறித்தது. தம்பிக்குப் பிடிக்கும்.

தம்பி சுந்தர் வெளியே நின்றான். ஆறடி நாலங்குலம். கூட்டத்தில் தேடவே வேண்டியதில்லை. அவன் ஊரை விட்டுப் போய்ப் பன்னிரண்டு வருஷம். நடுவில் ஒரே ஒரு தடவை வந்தான். அம்மா செத்ததற்குக்கூட வரவில்லை. இந்த முறை அவனை ஊருக்குக் கூட்டிக்கொண்டு வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன்.

எங்கள் ஊர் தேனிப் பக்கம். ஒவ்வொரு மே மாதமும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடக்கும். மற்ற ஊர்களில் கிரிக்கெட் பார்ப்பார்கள். எங்கள் ஊரில் வெற்றிலைக் கடைக்காரருக்குக்கூட மூன்று பாயிண்ட் கோடு எங்கே இருக்கிறதென்று தெரியும். மைதானத்தைச் சுற்றி சவுக்குக் கழியில் கேலரி கட்டுவது எங்கள் குடும்ப வேலை. அப்பா கட்டினார், இப்போது நான் கட்டுகிறேன். இத்தனை வருஷத்தில் ஒரு ஆட்டம்கூட நான் முழுதாகப் பார்த்ததில்லை. ஜனம் மேலே குதிக்கும்போது நான் கீழே நின்று கயிற்றைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சுந்தர் எங்கள் ஊர் அணிக்கு ஆடினவன். படிக்க என்று சிட்னிக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு போட்டோ அனுப்பினான். நெட்டை நெட்டையாகப் பதினைந்து பேர், நடுவில் இவன். எல்லோருக்கும் ஒரே சட்டை. இவன் கழுத்தில் மெடல். ஜெயித்துவிட்டோம் என்று எழுதியிருந்தான். அந்த வருஷமே இருபதடி பேனர் அடித்துப் பஸ் ஸ்டாண்டு முன்னால் கட்டினேன்: ‘ஆஸ்திரேலிய சாம்பியன் அணியில் நம் ஊர் வீரர்.’ கழி நட்டதும் நான்தான், கயிறு கட்டியதும் நான்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு மே மாதமும் போட்டிக் கமிட்டி அவனைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டது. ஒவ்வொரு மே மாதமும் அவனுக்கு வேலை இருந்தது. இந்த வருஷம், 2011இல், கமிட்டிச் செயலாளரே என்னைக் கூப்பிட்டு, நேரில் போய் அழைத்து வாருங்கள் என்று அனுப்பி வைத்தார்.

தம்பி இருந்தது சிட்னியில் மெரிலேண்ட்ஸ் என்ற பகுதியில், ஒரு மாடி வீட்டின் பின்பக்கத்து அறையில். கல்யாணம் முறிந்து நாலு வருஷம் ஆகிறது என்று அன்றைக்குத்தான் சொன்னான். அறையில் ஒரு கட்டில், ஒரு அடுப்பு, சுவர் ஓரமாக நாலு அட்டைப்பெட்டி. பெட்டிகளில் அவன் அணியின் சாமான்கள்: பழைய நிகழ்ச்சி நிரல்கள், ஸ்கோர் தாள்கள், கிழிந்த வலை. அணிக்கு ஹெரன்ஸ் என்று பெயர். ஹெரன் என்றால் நாரை. அந்த அணி இப்போது இல்லை, கலைத்துவிட்டார்கள் என்றான். அணியே இல்லாதபோது இவனுக்கு இங்கே என்ன வேலை என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான் வந்தது. சொன்னால் வருத்தப்படுவானே என்று சொல்லவில்லை.

சாயங்காலம் ஹாரிஸ் பார்க்குக்குக் கூட்டிப்போனான். தெரு முழுக்க நம் ஆட்கள். தோசை சாப்பிட்டோம். சாம்பாரில் இனிப்பு இருந்தது. எங்கள் ஊரில் அப்படி ஊற்றினால் இலையைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார்கள். அவன் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டான். பழகிவிட்டது போலிருக்கிறது.

மறுநாள் ஞாயிறு. அவனுக்கு ஒரு கிடங்கில் வேலை. நான் தனியாகப் போய் ஊரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வீராப்பாக ரயிலடிக்குப் போனேன். தண்டவாளத்தில் வேலை நடக்கிறது என்று ரயிலுக்குப் பதில் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். பஸ் எங்கெங்கோ திரும்பியது. மறுபடி தம்பி வீட்டுக்கு வழி கண்டுபிடிக்க முடியாமல் போய்விடும் என்று தோன்றியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு லெபனான் பெரியவரிடம் தம்பி எழுதிக் கொடுத்திருந்த முகவரியைக் காட்டினேன். அவர் பேசியதில் எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. தான் இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல், என்னோடு கடைசிவரை வந்து, எதிர்ப்பக்க பஸ்ஸில் ஏற்றிவிட்டு, நெஞ்சில் கை வைத்துக் காட்டிவிட்டுப் போனார். அரை மணி நேரத்தில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தேன். அன்றைக்கு நான் பார்த்த சிட்னி அவ்வளவுதான்.

திரும்பி வந்தபோது மாடி வீட்டுக்கார அம்மா வாசலில் நின்றார். பெயர் சிவமணி. யாழ்ப்பாணத்துக்காரர். எழுபது வயதிருக்கும். ஆன்ட்டி என்பதை அவர்கள் சொல்கிறபடி, தம்பி அவரை அன்ரி என்று கூப்பிடுவான். நான் வெளிறிப்போய் வருவதைப் பார்த்துவிட்டு, உள்ளே வந்து கதிரையில் இருக்கச் சொன்னார்; நாற்காலியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். குசினி என்கிற சமையலறையில் இடியாப்பம் அவித்துக்கொண்டிருந்தார். சொதி என்று மஞ்சளாக ஒரு தேங்காய்ப்பால் குழம்பு ஊற்றினார். இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் போட்டே தின்றவன் நான். இது உறைப்பாக, எலுமிச்சைப் புளிப்போடு இருந்தது. மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

கதிரையின் முதுகில் சாம்பலும் வெள்ளையுமாக ஒரு கம்பளித் துண்டு தொங்கியது. அதில் ஒற்றைக் காலில் நிற்கும் நாரை. நீங்களுமா என்று கேட்டேன். சிட்னிக்கு வந்த காலத்திலிருந்து அந்த அணியைப் பார்த்தவர் அவர். அவர் சொன்னதை என் நினைவில் இருக்கிறபடி எழுதுகிறேன்.

அணியைத் தொடங்கியது பெரிய உலகச் சண்டைக்குப் பிறகு ஐரோப்பாவிலிருந்து அகதிகளாக வந்தவர்கள். லித்துவேனியா, லாத்வியா என்று ஏதேதோ நாடு. பகலில் தொழிற்சாலை, சாயங்காலம் ஒரு மாதா கோயில் மண்டபத்தில் பந்து. அவர்கள் பிள்ளைகள் காலத்தில் அது சம்பளம் வாங்கி ஆடும் அணியாயிற்று. தகரக் கூரை போட்ட ஒரு அரங்கத்தில் ஆடினார்கள். மழை பெய்தால் விசில் கேட்காது. நடுவர் கையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். வருஷத்துக்கு இரண்டு அமெரிக்கர்களை இறக்குவார்கள். தகரக் கொட்டகைக்குள் உட்கார இடம் கிடைக்காத காலம் ஒன்று இருந்தது.

சிவமணி அம்மாவும் அவர் வீட்டுக்காரரும் சிட்னிக்கு வந்த புதிதில், கடை வாசலில் யாரோ இலவச டிக்கெட் இரண்டைக் கையில் திணித்தார்களாம். என்ன ஆட்டம் என்றே தெரியாமல் போயிருக்கிறார்கள்.

“அங்கை ஒருத்தரும் எங்களை எந்த நாட்டில இருந்து வந்தனீங்கள் எண்டு கேக்கேல்லை. எந்த சீட் எண்டு மட்டும்தான் கேட்டவை” என்றார். “அதுக்காகவே அடுத்த கிழமையும் போனனாங்கள்.”

வீட்டுக்காரர் தவறிய பிறகும் இவர் வாரா வாரம் போய்க்கொண்டிருந்தார், பக்கத்து சீட்டைச் சேர்த்து வாங்கிக்கொண்டு. பிறகு அணி பெரிய அரங்கத்துக்கு மாறியது. அங்கே போன இரண்டாம் வருஷம் சாம்பியன் ஆனார்கள். அதுதான் எங்களுக்குப் போட்டோ வந்த வருஷம். ஆனால் பெரிய அரங்கத்தில் அதே கூட்டம் கொஞ்சமாகத் தெரிந்தது. கைதட்டினால் எதிரொலித்ததாம். முதலாளி கை மாறினார், மறுபடி மாறினார். கடைசி முதலாளி ஆட்டத்துக்கே வருவதில்லை.

சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த நான், தம்பி எந்த இடத்தில் நின்று ஆடுவான் என்று கேட்டேன்.

அந்த அம்மா கரண்டியோடு திரும்பினார்.

“விளையாடினதோ? சுந்தர் நிலம் போடுறவர் எல்லோ” என்றார். “அந்தப் பலகை நிலத்தைப் போடுறதும் எடுக்கிறதும் அவர்தான். மட்ச் நடக்கேக்கை மூலையில குந்தி இருந்து நிலத்தைத்தான் பாத்துக்கொண்டிருப்பார்.”

ஓம் ஓம் என்று அவர் பாஷையிலேயே ஆமாம் போட்டுத் தலையாட்டி வைத்தேன்.

இரண்டு நாள் அதைச் சுமந்துகொண்டு திரிந்தேன். கேட்டால் குறுகிப்போவானோ, கேட்காவிட்டால் எனக்கு எல்லாம் தெரியும் என்று அவனே கண்டுபிடித்துவிடுவானோ. தூக்கமில்லை. செவ்வாய்க்கிழமை பழைய தகரக் கொட்டகையைக் காட்டக் கூட்டிப்போனான். அது இப்போது சோபாவும் கட்டிலும் விற்கிற கடை. கூரை மட்டும் அதே கூரை. படுக்கைகளுக்கு நடுவே நின்று, இங்கே நடுவட்டம், அங்கே கூடை என்று காட்டினான். விற்பனைப் பெண் வந்து மெத்தை பார்க்கிறீர்களா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு ஒரு மெத்தையை அமுக்கிப் பார்த்தான், பாவம்.

அங்கேதான் அந்தத் தரையைப் பற்றிச் சொன்னான். நாரை அணி ஆடியது மேப்பிள் மரத் தரை. ஒரே தரை கிடையாது. ஆளுயரத்தைவிட நீளமான பலகைத் துண்டுகள். ஆட்டத்துக்கு முன்னால் சிமென்ட் மேல் வரிசையாக விரித்து ஆணி போட்டுப் பூட்ட வேண்டும். ஆட்டம் முடிந்ததும் பிரித்து அடுக்க வேண்டும். மறுநாள் அதே அரங்கத்தில் கச்சேரியோ நாய்க் கண்காட்சியோ நடக்கும். கடைசி ஆட்டம் ஒரு ஞாயிறு பகல். கடைசி என்று யாரும் சொல்லவில்லை. வழக்கம்போலப் பிரித்து அடுக்கிவிட்டு வந்தான். அடுத்த வாரம் போனபோது அடுக்கின் மேல் ஏலச் சீட்டு ஒட்டியிருந்தது. மெல்போர்னில், ஸ்பிரிங்வேல் பக்கத்து ஒரு விளையாட்டு மண்டபத்துக்காரர்கள் எடுத்தார்கள். இரண்டு வருஷமாக அவர்களால் அதைச் சரியாக விரிக்க முடியவில்லை. பலகை மேடும் பள்ளமுமாக நிற்கிறது; நடுவில் வரைந்திருந்த நாரையின் கழுத்து ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். வந்து சரிசெய்து தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

“நீ வந்திருக்கேல்ல, போவோம்ணே. அப்படியே உனக்கு மெல்போர்னும் காட்டின மாதிரி இருக்கும்” என்றான்.

எனக்குத் திரும்பும் விமானமும் மெல்போர்னிலிருந்துதான். வியாழக்கிழமை காலையில் அவனுடைய பழைய வேனில் புறப்பட்டோம். ஒன்பது மணி நேர ஓட்டம். சாலை வழவழவென்று போகிறது, இரண்டு பக்கமும் காய்ந்த புல், ஆடு, மறுபடி காய்ந்த புல். ஒரு டீக்கடை இல்லை. ஆள் நடமாட்டமே இல்லாத இடத்தில் வண்டி நின்றால் என்ன செய்வது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோதே யாஸ் என்ற ஊரைத் தாண்டி வண்டி புகைந்தது. நான் நினைத்ததால்தான் நின்றது என்று இன்றைக்கும் எனக்கு ஒரு எண்ணம். ரேடியேட்டர் குழாய் வெடித்திருந்தது. உதவிக்கு ஆள் வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். புல்வெளி ஓரத்தில் உட்கார்ந்து, பெட்ரோல் பங்கில் வாங்கிய, இறைச்சியை உள்ளே வைத்துச் சுட்ட மாவுப் பண்டத்தைத் தின்றோம். மேல் மாவு ஆறியிருந்தது, உள்ளே நாக்கைச் சுட்டது.

“அன்ரி சொல்லிட்டாங்களா?” என்றான் திடீரென்று.

“என்னத்தை?”

“நடிக்காதண்ணே. மூணு நாளா என் முழங்காலையே பாத்துக்கிட்டு வர்ற.”

அரைக்கால் சட்டையில் அவன் முழங்கால்கள் ஒட்டகத்தின் முழங்கால்போலக் காய்த்துக் கறுத்திருந்தன. பார்த்திருக்கிறேன்தான்.

அவனே சொன்னான். ஜெயித்த அன்றைக்கு அமெரிக்க ஆட்டக்காரர் ஒருவர், நீ விரிக்காவிட்டால் நாங்கள் எங்கே ஆடுவது என்று தன் மெடலைக் கழற்றி இவன் கழுத்தில் போட்டிருக்கிறார். அந்தச் சந்தோஷத்தில்தான் போட்டோ அனுப்பினான். அடுத்த கடிதத்தில் விவரமாக எழுதலாம் என்றிருந்தபோது என் கடிதம் போய்விட்டது, பேனரின் போட்டோவோடு.

“நீங்க யாரும் கேக்கலை. நானும் சொல்லலை. அதோட ஊருக்கு வர்ற பாதை அடைச்சுப்போச்சு.”

“அம்மாவுக்குக்கூடவாடா வரக் கூடாது?”

அவன் தின்பதை நிறுத்தினான். “சிட்னி ஏர்போர்ட் வரைக்கும் வந்துட்டேண்ணே. நீ போன்ல சொன்ன, கமிட்டிக்காரங்க எல்லாம் மாலையோட பஸ் ஸ்டாண்டுல நிப்பாங்கன்னு. அம்மாவைக் கிடத்தியிருக்கிற வீட்டுக்கு, எனக்கு மாலை போட்டுக் கூட்டிட்டு வருவாங்கன்னு நெனைச்சேன். கால் வரலை.”

நான் அப்படிச் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவனுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னேன். அம்மாவுக்கு நான் ஒருவனே கொள்ளி வைத்தேன். அவனைத் திட்டிக்கொண்டே வைத்தேன்.

ஆடுகள் வேலியோரம் வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போயின. பிறகு நான்தான் கேட்டேன்: இப்போதாவது வருகிறாயா?

“வர்றேன். ஆனா நீ முதல்ல கமிட்டியில சொல்லிடணும். இவன் வீரர் இல்லை, தரை விரிச்சவன்னு. நான் சொன்னா அடக்கமாப் பேசறார்னு அதுக்கும் கைதட்டுவாங்க. நீ சொன்னாத்தான் நம்புவாங்க. அப்படியே நோட்டீஸ்லயும் போடச் சொல்லு. போட்டா வர்றேன்.”

சொல்லிவிடுகிறேன் என்றேன். நான் முன்னால் போவது, அவன் பத்து நாளில் லீவு வாங்கிக்கொண்டு வருவது என்று அங்கேயே பேசி முடித்தோம். வண்டி சரியாகி ஏறியபோது அவன் மெல்லப் பாடிக்கொண்டு ஓட்டினான்.

ஸ்பிரிங்வேலில் ஜெகன் என்பவர் வீட்டில் தங்கினோம். தம்பிக்கு சிநேகிதர், முப்பது வயது. கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து படகில் வந்து, தடுப்பு முகாமில் பல மாதம் இருந்து வெளியே வந்தவர். கோழி வெட்டும் தொழிற்சாலையில் வேலை. காலையில் எங்களைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போய், வியட்நாம்காரர் கடையில் அரிசி நூடுல்ஸ் சூப் வாங்கிக் கொடுத்தார். பச்சை இலைகளைத் தனித்தட்டில் குவித்து வைத்திருந்தார்கள். மார்க்கெட்டில் முருங்கைக்காய், வாழைப்பூ, கறிவேப்பிலை. என்னிடம் பிடுங்கிப் போட்டதைவிடப் பெரிய கட்டு. தம்பி அதை முகர்ந்து பார்த்துவிட்டு, நம்ம வீட்டு வாசனை இல்லை என்று திரும்ப வைத்தான்.

அன்று பெரிய வெள்ளி. மண்டபத்தில் ஆட்டம் இல்லை. காவல்காரர் பீட்டர், ஜெகன், ஜெகனோடு வேலை செய்யும் நாலு பேர், நாங்கள் இருவர். உள்ளே போனதும் தரையைப் பார்த்தேன். சொன்னது போலத்தான் இருந்தது. நாரையைக் கண்டதுண்டமாக வெட்டிப் போட்டதுபோல், அலகு கூடைக்குக் கீழே கிடந்தது.

பலகைக்குப் பின்னால் கம்பெனிக்காரர்கள் எண் போட்டிருப்பார்கள். அது எப்போதோ தேய்ந்து போய்விட்டது என்றார் பீட்டர். அதற்குப் பதிலாக யாரோ கறுப்பு மையில் ஏதோ படம் வரைந்திருக்கிறார்கள், தாய்லாந்துக்காரரிடம்கூடக் காட்டிக் கேட்டோம், தெரியவில்லை என்று அவர் சொன்னதைத் தம்பி எனக்குச் சொன்னான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

முதல் பலகையைத் தூக்கித் திருப்பினோம். ‘ஊ 8’ என்று எழுதியிருந்தது.

அது அப்பாவின் முறை. எங்கள் கேலரிப் பலகைகளில் அவர் தாரைத் தொட்டு வரிசைக்கு ஒரு எழுத்து, இடத்துக்கு ஒரு எண் போடுவார். அ 1, அ 2. இருட்டில் தடவிப் பார்த்தே அடுக்குவோம். தம்பி அதை இங்கே கொண்டு வந்து, நாரைகளின் தரை முழுவதையும் அ முதல் ஃ வரை பதின்மூன்று வரிசையாக எழுதி வைத்திருக்கிறான். அவனைத் தவிர வேறு யாரும் விரிக்கக் கூடாது என்று நினைத்து எழுதவில்லை. கைக்கு வந்ததை எழுதினான், அவ்வளவுதான். அதனால் இரண்டு வருஷம் இந்த மண்டபத்தில் ஒரு பிள்ளை ஒழுங்காக ஓடி ஆட முடியவில்லை.

ஜெகனும் அவர் ஆட்களும் எழுத்தைக் கண்டதும் சிரித்தார்கள். பலகையைத் திருப்பித் திருப்பி உரக்கப் படித்தார்கள். “அண்ணை, இது ‘ஏ’ வரிசை, எங்கை போடுறது?” என்று பள்ளிக்கூடம்போலக் கூச்சல். பீட்டர் ஒன்றும் புரியாமல் காபி போட்டுக் கொடுத்தார். தம்பி முழங்காலில் நின்று, ஒவ்வொரு பலகையையும் உள்ளங்கையால் தட்டி, சத்தம் கேட்டு, ஆணி போட்டான். நான் ஆணி எடுத்துக் கொடுத்தேன். அவன் வேலையை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். சிறுவயதில் அவன் பந்து போட்டபோதுகூட நான் இப்படிப் பார்த்ததில்லை.

நடு வரிசைகளை முடிக்கும்போது மணி மூன்று. அலகும் கழுத்தும் சேர்ந்துவிட்டன. ‘எ’ வரிசையில் ஒரே ஒரு பலகை மிச்சம். என் போன் அடித்தது. கமிட்டிச் செயலாளர். நல்ல மனிதர், ஆனால் கத்தித்தான் பேசுவார். பக்கத்தில் நிற்பவருக்கெல்லாம் கேட்கும்.

“முருகேசா, நோட்டீஸ் அச்சுக்குப் போகுதப்பா. தம்பி வர்றாப்லயா?”

“வர்றான்யா” என்றேன்.

“ரொம்ப சந்தோஷம். கலெக்டருக்குப் பக்கத்துல சேர் போட்டிருக்கோம். பேருக்குக் கீழ என்ன போடறது? முன்னாள் ஆஸ்திரேலிய சாம்பியன்னு போட்டுடலாமா?”

தம்பி ஆணிக்காகக் கையை நீட்டியபடி இருந்தான். என்னை அவன் பார்க்கவில்லை, தரையைத்தான் பார்த்தான். எனக்கு என்னென்னவோ ஓடியது. எட்டு வருஷம் ஊரை ஏமாற்றினானா என்று கேட்பார்கள். பேனர் கட்டினவன் யார் என்று கேட்பார்கள். கேலரி வேலையை வேறு ஆளுக்குக் கொடுப்பார்கள். என் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம். கலெக்டர் வேறு வருகிறார். வாயைத் திறந்தேன்.

“நீங்க பாத்துப் போட்டுக்கங்கய்யா” என்றேன்.

“சரி சரி, நாங்க பாத்துக்கிறோம்” என்று வைத்துவிட்டார்.

தம்பியின் கை அப்படியே நீண்டிருந்தது.

“ஆணியைக் குடுண்ணே” என்றான்.

கொடுத்தேன். கடைசிப் பலகையைப் பொருத்தினான். நாரை முழுசாக நின்றது. ஜெகனின் ஆட்கள் கைதட்டினார்கள். பீட்டர் ஒரு பந்தை எடுத்துத் தம்பியிடம் எறிந்தார், முதல் பந்து நீ போடு என்று. இவன் பிடித்து, இரண்டு தடவை தட்டி, தரையின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, ஜெகனிடம் கொடுத்துவிட்டான். ஜெகன் போட்ட பந்து கூடைக்குப் பக்கத்திலேயே போகவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். அதைப் பார்த்து, அவன் மறந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் என்னை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனான். வழியில் தான் இன்னும் ஒரு வாரம் ஸ்பிரிங்வேலில் இருக்கப்போவதாகச் சொன்னான். பலகைகளின் பின்னால் இருக்கிற எழுத்தையெல்லாம் சுரண்டிவிட்டு எண் போட்டுத் தர வேண்டுமாம், இனிமேல் யார் வேண்டுமானாலும் விரிக்கிற மாதிரி. ஒரு வாரம் என்றால் அவன் புறப்பட வேண்டிய நாள் இடிக்கிறதே என்று கணக்குப் போட்டேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“நான் வரலைண்ணே” என்றான்.

திரும்பப் போன் செய்து சொல்லிவிடுகிறேன், இப்போதே சொல்கிறேன் என்று பதறினேன்.

“நீ பொய் ஒண்ணும் சொல்லலை. உன்னால சொல்ல முடியலை. எட்டு வருஷம் என்னாலயும்தான் முடியலை. உன்னைக் கோவிச்சுக்க எனக்கு என்ன இருக்கு?” என்று என் பெட்டியைத் தூக்கித் தள்ளுவண்டியில் வைத்தான். குனிந்து என் காலைத் தொட்டான். அவ்வளவு உயரமானவன் குனிந்து எழுந்திருக்க நேரமாயிற்று. நான் அவன் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே போய், சோதனையெல்லாம் முடிந்து உட்கார்ந்ததும் செயலாளருக்குப் போன் போட்டேன். இந்த முறை மூச்சுவிடாமல் சொன்னேன். என் தம்பி அந்த அணியில் ஆடினவன் இல்லை. தரை விரித்தவன். பத்து வருஷம் முழங்காலில் நின்று விரித்தான். தப்பாகப் பேனர் கட்டியது நான். இதை அப்படியே நோட்டீஸில் போட்டால் அவன் வருவான், நான் கூட்டிவருகிறேன்.

அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அன்றைக்கு மெதுவாகப் பேசினார்.

“வேற யார்கிட்டயும் சொல்லிடலையே?”

“இல்லைய்யா.”

“நல்ல வேளை, இன்னும் அச்சாகலை. இது நமக்குள்ளயே இருக்கட்டும். நாங்க வேற ஆளைப் பாத்துக்கிறோம்.”

கொஞ்ச நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். எதிரே ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் உருளைக்கிழங்கு வறுவல் தின்றுகொண்டிருந்தது. பிறகு தம்பியைக் கூப்பிட்டேன். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான் போலிருக்கிறது, காற்றுச் சத்தம் கேட்டது. ஓரமாக நிறுத்தினான்.

“சொல்லிட்டேண்டா” என்றேன்.

“சொல்லிட்டியா?” அவன் குரல் சின்னப் பையன் குரல்போல எழுந்தது. “என்ன சொன்னாரு?”

அவர் சொன்னதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

“லைன் சரியாக் கேக்கலை” என்றேன்.

லாரி ஒன்று அவனைத் தாண்டிப் போகிற சத்தம் எனக்குக் கேட்டது.

“சரிண்ணே” என்றான். “கேட் நம்பரைக் கடைசி நேரத்துல மாத்துவாங்க. தூங்கிடாத. போர்டைப் பாத்துக்கிட்டே இரு.”

பார்த்துக்கொண்டே இருந்தேன். எழுத்தெல்லாம் இங்கிலீஷ்.